உருண்டு விழும் உறை: ஸ்மால் ஃபேஸஸ் இசைத்தட்டுகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஸ்மால் ஃபேஸஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஆக்டன்ஸ் நட் கான் ஃப்ளேக்' இசைத்தட்டை அலமாரியில் மற்ற தட்டுகளோடு நிறுத்திவைத்துப் பாருங்கள். பக்கத்துத் தட்டை உருவினால் இது உருண்டு வெளியே வரும். உறைக்கு மூலை கிடையாது, முழு வட்டம். லிவர்பூலில் தயாரான ஆக்டன் கம்பெனிப் புகையிலை டப்பாவின் மூடியைப் பெரிதாக்கி, பெயரில் கொஞ்சம் விஷமம் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். பிரித்தால் வட்டத்துக்குள் வட்டமாக நால்வரின் முகங்களும் விரிகின்றன. 1968 மே மாதம் இமீடியட் நிறுவனம் இதை வெளியிட்டது. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 6 வாரம் முதலிடம். அந்த வருடம் முடிந்த இரவிலேயே பாடகர் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். குழுவின் கதை அதோடு சரி.

நல்ல இசையைச் செய்துவிட்டு, அதை விற்றவர்களால் கெட்டுப்போன குழு இது. பாட்டு வறண்டதால் விழுந்தார்கள் என்று சொல்ல அவர்கள் தட்டுகளில் ஆதாரமே இல்லை. ஆனால் அதே விற்பனைக் குளறுபடி இன்றுவரை கடை ரேக்கில் தொடர்கிறது. ஒரே தலைப்பில் இரண்டு ஆல்பங்கள், ஒரே பாட்டுக்கு இரண்டு ஒலிப்பதிவுகள், போலி ஸ்டீரியோ, எண்ணிக்கை தெரியாத தொகுப்புகள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஐந்தில் மூன்று வீண். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

ஆரம்பம் 1965, கிழக்கு லண்டன். மேனர் பார்க்கில் ஓர் இசைக்கருவிக் கடையில் ஸ்டீவ் மேரியட் வேலை பார்த்தார். சிறுவயதில் 'ஆலிவர்!' மேடை நாடகத்தில் நடித்த பையன். பேஸ் கிடார் வாங்கவந்த ரோனி லேன் அங்கேதான் அவருக்குப் பழக்கமானார். டிரம்ஸுக்கு கென்னி ஜோன்ஸ், ஆர்கனுக்கு ஜிம்மி வின்ஸ்டன். சில மாதங்களிலேயே வின்ஸ்டன் விலக, இயன் மெக்லகன் வந்தார். பெயருக்கும் காரணம் உண்டு. உடைநேர்த்திக்குப் பேர்போன 'மாட்' என்ற அறுபதுகளின் பிரிட்டிஷ் இளைஞர் கூட்டத்தின் பேச்சில் 'ஃபேஸ்' என்றால் உடையிலும் நடையிலும் மற்றவர்கள் பின்பற்றும் ஆள். இவர்கள் நால்வரும் குள்ளம். ஆக, ஸ்மால் ஃபேஸஸ்.

மேலாளர் டான் ஆர்டன். இசைத்தட்டுக் கம்பெனி டெக்கா. பையன்களுக்கு வாரச் சம்பளம் தலைக்கு 20 பவுண்டு, கார்னபி தெருத் துணிக்கடைகளில் கணக்கு வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் வசதி. சட்டைக்குக் குறைவில்லை, ராயல்டி மட்டும் கண்ணில் படவில்லை என்று குழுவினர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதல் சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் சின்னத் தட்டு) 'வாட்சா கோனா டூ அபௌட் இட்' பிரிட்டிஷ் பட்டியலில் 14-ஆம் இடம் வரை போனது. அதன் நடுவில் மேரியட் கிடாரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பிடித்து ஊளையிட வைக்கும் இடத்தைக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாததை மறைக்கவா, துணிச்சலா என்று யோசிக்க வைக்கும். இரண்டாவது சிங்கிளை அவர்களே எழுதினார்கள், விலைபோகவில்லை. உடனே வெளியாட்களிடம் பாட்டு வாங்கிக் கையில் திணித்தார்கள். அதுதான் 'ஷா-லா-லா-லா-லீ'. 3-ஆம் இடம். குழுவுக்கே பிடிக்காத பாட்டு அது. ஆனால் கச்சேரியில் பெண்பிள்ளைகளின் கூச்சல் அங்கிருந்துதான் ஆரம்பம். கடைசிவரை பத்திரிகைகள் இவர்களைப் 'பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குழு' என்று ஒதுக்க அந்தக் கூச்சல் ஒரு காரணம்.

டெக்கா காலத்தில் வாங்க வேண்டியது 1966-இல் வந்த முதல் ஆல்பம், தலைப்பு வெறும் 'ஸ்மால் ஃபேஸஸ்'. மூலத்தட்டின் எண் எல்.கே. 4790, மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காமல் எல்லாம் ஒரே தடத்தில். இதை மோனோவில்தான் கேட்க வேண்டும். நால்வரும் ஒரே அறையில் ஒரே மூச்சில் வாசித்த பதிவு மாதிரியே காதில் விழுகிறது. பிரித்து இடமும் வலமுமாக வைக்க அதில் ஒன்றுமில்லை. மேரியட்டின் குரலைத் தெரிந்துகொள்ள 'ஈ டூ டி' ஒன்று போதும். இருபது வயதுகூட நிரம்பாத வெள்ளைக்காரப் பையன் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைத் தொண்டை கிழியப் பாடுகிறான், மைக் திணறுவது காதுக்குத் தெரிகிறது. இன்னொன்று 'யூ நீட் லவிங்'. மடி வாட்டர்ஸ் பாடிய வில்லி டிக்ஸன் பாட்டிலிருந்து எடுத்து, எழுதியவர்கள் என்று தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து லெட் செப்லின் 'ஹோல் லாட்டா லவ்' கொண்டுவந்தபோது ராபர்ட் பிளான்ட் பாடிய விதத்தில் மேரியட்டின் சாயல் அப்படியே இருந்தது. திருடியவனிடமே திருட்டு. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் விளக்கமே வேண்டாம்.

அதே வருடம் செப்டம்பரில் 'ஆல் ஆர் நத்திங்' முதலிடம் பிடித்தது. அவர்களுக்கு முதலிடம் வந்த ஒரே சிங்கிள். ஜோன்ஸின் டிரம் உருட்டலில் தொடங்கி, தணிந்து, கடைசியில் மேரியட் கட்டவிழ்த்துக்கொண்டு கத்துவதுவரை மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. உச்சத்துக்குப் போன கையோடு சரிவுக்கான விதையும் விழுந்தது. அடுத்து வந்த 'மை மைண்ட்ஸ் ஐ' முடிக்காத மாதிரிப் பதிவு. குழு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது கேட்காமலேயே சிங்கிளாக வெளியிட்டார்கள். 4-ஆம் இடம் வந்தது, அது வேறு விஷயம். ஆர்டனை விட்டு விலக முடிவெடுத்தது அந்த எரிச்சலில்தான்.

1967-இல் இமீடியட் நிறுவனத்துக்கு மாறினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டமும் டோனி கால்டரும் நடத்திய கம்பெனி. வாங்குபவருக்கான பெரிய பள்ளம் இங்கேதான். 1967 ஜூனில் டெக்கா, கையிலிருந்த மிச்சம் மீதியையும் பழைய சிங்கிள்களையும் சேர்த்து 'ஃப்ரம் தி பிகினிங்' என்று ஓர் ஆல்பம் போட்டது. அதே மாதம் இமீடியட்டும் புது ஆல்பம் போட்டது, தலைப்பு மறுபடியும் 'ஸ்மால் ஃபேஸஸ்'. 'மை வே ஆஃப் கிவிங்', 'ஹேவ் யூ எவர் சீன் மீ' ஆகிய இரண்டு பாட்டும் இரண்டு ஆல்பத்திலும் உண்டு, ஆனால் வெவ்வேறு பதிவுகள். பழைய கம்பெனியும் புதுக் கம்பெனியும் ஒரே குழுவின் பெயரில் ஒரே மாதத்தில் கடையில் மல்லுக்கு நின்றன. டெக்கா தொகுப்பு 17-ஆம் இடம், இமீடியட் ஆல்பம் 12. இரண்டும் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டன.

ஆகவே 'ஸ்மால் ஃபேஸஸ்' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து எடுக்காதீர்கள். லேபிளைப் பாருங்கள். டெக்கா என்றால் 1966, 'ஷா-லா-லா-லா-லீ' உள்ளது. இமீடியட் என்றால் 1967, எண் ஐ.எம்.எல்.பி. 008 மோனோ, ஐ.எம்.எஸ்.பி. 008 ஸ்டீரியோ, 14 பாட்டு, மொத்தமே அரை மணிநேரத்துக்குள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தப்பு. 'கிரீன் சர்க்கிள்ஸ்', 'கெட் யுவர்செல்ஃப் டுகெதர்', மெக்லகன் எழுதிய 'அப் தி வுடன் ஹில்ஸ் டு பெட்ஃபர்ட்ஷயர்' எல்லாம் இரண்டு நிமிடச் சின்னப் பாட்டுகள். ஒன்றுகூட நீட்டி முழக்கவில்லை. ரோனி லேனின் மெல்லிய குரல் நன்றாக வெளிச்சத்துக்கு வருவதும் இங்கேதான். ஆனால் பிரிட்டிஷ் பதிப்பில் அந்த வருடத்து ஹிட் சிங்கிள் ஒன்றுகூட இல்லை, அதை மறக்காதீர்கள். அப்போது அங்கே வழக்கம் அப்படி. சிங்கிளுக்கு ஒருமுறை காசு வாங்கிவிட்டு ஆல்பத்தில் மறுபடி அதையே கொடுப்பதை ஏமாற்று என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. 'தேர் ஆர் பட் ஃபோர் ஸ்மால் ஃபேஸஸ்' என்ற பெயரில் சிங்கிள்களையும் கலந்து விற்றார்கள். ஒரே தட்டில் 1967-ஐ முடித்துக்கொள்ள நினைப்பவருக்கு அமெரிக்கப் பதிப்பே மேல்.

அந்தச் சிங்கிள்களில் ஒன்று 'இச்சிகூ பார்க்'. நடுவில் டிரம்ஸும் சிம்பலும் ஜெட் விமானம் தலைக்கு மேலே போவதுபோல் சுழன்று கரையும். ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஜார்ஜ் சியான்ட்ஸ் என்ற பொறியாளர் செய்த வேலை. ஒரே பதிவை இரண்டு டேப் இயந்திரங்களில் ஓடவிட்டு, ஒன்றின் வேகத்தை இம்மி மாற்றினால் இரண்டு ஒலிக்கும் இடையில் மில்லிசெகண்ட் கணக்கில் தாமதம் விழும். இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். தாமதம் கூடிக் குறைய, அந்தப் பள்ளங்களும் மேலும் கீழும் நகரும். காதுக்கு அது சுழற்சியாகக் கேட்கிறது. இன்று ஒரு பெடலை மிதித்தால் வருவது, அன்றைக்குக் கையால் செய்தது.

பிரதி நல்லதா கெட்டதா என்று பார்க்கவும் இந்த இடமே உரைகல். நல்ல பிரதியில் சுழல் கீழே தொடங்கி உச்சி சிம்பல்வரை ஒரே கோடாக ஏறி இறங்கும். பிரதிக்குப் பிரதி எடுத்த டேப்பிலிருந்து வெட்டிய மலிவுத் தொகுப்பில் உச்சி மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வீசும் காற்றுபோலக் கேட்கும். எம்.பி.3-ஐக் குறைந்த பிட்ரேட்டில் அழுத்தினாலும் இதே கதைதான், சுழலுக்குப் பதில் தண்ணீர் கொப்பளிக்கும். பாட்டு பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 16. அமெரிக்காவில் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சுற்றியிருக்க வேண்டும். மெக்லகன் மேல் போதைப்பொருள் வழக்குத் தீர்ப்பு இருந்ததால் அமெரிக்கப் பயணம் அடைபட்டது. அதே காலத்துப் பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்கக் காசில் நிமிர்ந்தபோது இவர்கள் ஐரோப்பாவையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1968 ஜனவரியில் தி ஹூ குழுவோடு ஆஸ்திரேலியா போனார்கள். விமானத் தகராறில் போலீஸ் வந்தது. இனி இந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று தி ஹூவின் பீட் டவுன்ஷெண்ட் சபதம் செய்யும் அளவுக்குப் போனது அந்தப் பயணம்.

1967 டிசம்பரில் வந்த 'டின் சோல்ஜர்' இந்தக் குழுவின் மிகச் சிறந்த மூன்று நிமிடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வுர்லிட்சர் மின்பியானோவில் அமைதியாகத் தொடங்கும், ஹேமண்ட் ஆர்கன் சேரும், பிறகு மேரியட்டும் பின்குரலில் பாடகி பி.பி. ஆர்னால்டும் சேர்ந்து கூரையைப் பெயர்த்துவிடுவார்கள். ஆர்னால்டுக்காக எழுதத் தொடங்கிய பாட்டு, நன்றாக வந்ததும் மேரியட் தனக்கே வைத்துக்கொண்டார். இதன் மோனோ சிங்கிள் கலவையை (மிக்ஸை)த் தேடிப் பிடியுங்கள். ஸ்டீரியோவில் கருவிகள் விலகி நின்று மரியாதை காட்டுகின்றன. இந்தப் பாட்டுக்கு மரியாதை தேவையில்லை.

மறுபடி வட்ட உறைக்கு வருவோம். 'ஆக்டன்ஸ்' ஒலிம்பிக், டிரைடென்ட், பை ஆகிய லண்டன் ஸ்டுடியோக்களில் பதிவானது, பொறியாளர் கிளின் ஜான்ஸ். முதல் பக்கம் ஆறு தனிப்பாட்டு. தலைப்புப் பாட்டு பாடல் வரியில்லாத வாத்திய இசை. விலைபோகாத அந்த இரண்டாவது சிங்கிளையே மறுபடி நெய்து, சுழல் ஒலியில் முக்கி எடுத்தது. 'ஆஃப்டர்க்ளோ' விளையாட்டாகத் தொடங்கி, ஆர்கன் இடிபோல் விழுந்ததும் முறைத்துக்கொள்கிறது. 1969-இல் சிங்கிளாகப் போட்டபோது அந்த விளையாட்டுத் தொடக்கத்தை வெட்டி, வேகத்தையும் கூட்டிவிட்டார்கள். தொகுப்புகளில் பெரும்பாலும் அந்தச் சிங்கிள்தான் இருக்கும். குரல் சற்றுக் கீச்சென்று கேட்டால் அதுதான் காரணம், உங்கள் டர்ன்டேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். 'சாங் ஆஃப் எ பேக்கர்' லேன் பாடியது. இவ்வளவு மென்மையான மனிதருக்குப் பின்னால் இவ்வளவு கனமான கிடாரா என்று இருக்கும். 'ரெனே' கொஞ்சம் நீளம். கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

பக்கம் முடிவது 'லேசி சண்டே'. கிழக்கு லண்டன் கொச்சையில், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டைபோடும் வேடிக்கைப் பாட்டு. ஆல்பத்தில் சிரிப்புக்காக வைத்திருந்ததை, அவர்கள் வேண்டாம் என்றும் கேட்காமல் இமீடியட் சிங்கிளாக வெளியிட்டது. 2-ஆம் இடம். முதலிடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் உட்கார்ந்திருந்தார். கனமான குழுவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் மன்றாடிய நேரத்தில் மறுபடி கோமாளித் தொப்பியை மாட்டிவிட்டது அந்த வெற்றி. டெக்கா செய்ததையே இமீடியட்டும் செய்தது, உறை மட்டும்தான் அழகாக இருந்தது. விளம்பரத்திலும் அதே அவசரம். கிறிஸ்தவ ஜெபத்தைக் கேலியாகத் திருப்பி எழுதி விளம்பரம் கொடுத்து, வேண்டாத சர்ச்சையை வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்.

தட்டை வாங்குபவர் சோதிக்க வேண்டிய முதல் இடமும் 'லேசி சண்டே' முடிவுதான். தேவாலய மணியும் பறவைச் சத்தமும் வருவது தட்டின் உள்வட்டத்தில். உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறையும், அதே ஒலியை நெருக்கிப் பொறிக்க வேண்டியிருக்கும். தேய்ந்த ஊசியில் முன்பு அடிக்கடி ஓட்டப்பட்ட தட்டாக இருந்தால் மணியோசை 'ஸ்ஸ்' என்று சிதறும். விற்பவர் முதல் பாட்டை ஓட்டிக்காட்டி நல்ல தட்டு என்பார். நம்பாதீர்கள். கடைசி ஒரு நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள். கூம்பு ஊசியைவிட நீள்வட்ட ஊசியில் இந்தச் சிதறல் கொஞ்சம் அடங்கும், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பள்ளத்தை எந்த ஊசியாலும் நிரப்ப முடியாது.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே கதை. ஸ்டான் என்ற பையன், தேய்பிறையில் நிலாவின் மறுபாதி எங்கே போனது என்று தேடிக் கிளம்புகிறான். பசித்த ஈக்குச் சோறு போடுகிறான், அந்த ஈ பெரிதாகி அவனைச் சுமந்து பறக்கிறது, மேட் ஜான் என்ற துறவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. போய்ச் சேர்வதற்குள் நிலா தானாக முழுதாகிவிட்டது. கதை அவ்வளவே. சொல்பவர் ஸ்டான்லி அன்வின். ஆங்கிலச் சொற்களைப் பிசைந்து உருட்டி, அர்த்தம் இருப்பதுபோலவே இருக்கும் உளறலாகப் பேசுவதில் பெயர் பெற்ற நகைச்சுவைக்காரர். முதலில் ஸ்பைக் மில்லிகன் என்ற இன்னொரு நகைச்சுவைக்காரரைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. அன்வின் குழுவினரோடு உட்கார்ந்து அவர்களின் பேச்சுவழக்கைப் பொறுக்கித் தன் உளறலில் கலந்திருக்கிறார். பி.பி.சி. வானொலியின் குழந்தைகள் நிகழ்ச்சியில் 'வசதியாக உட்கார்ந்தீர்களா, தொடங்கலாமா' என்று கேட்பார்கள். அதையே கோணலாக்கித்தான் ஆரம்பிக்கிறார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் பாதி புரியாது. புரியாத பாதியில்தான் சுவை.

இந்தப் பேச்சுதான் இரண்டாம் பக்கத்தின் பலவீனமும். பாட்டு சத்தமாக ஓடும்போது தட்டின் கீறலும் பொரியலும் அடியில் மறையும். அன்வின் தனியாகப் பேசும்போது ஒவ்வொரு 'டிக்'கும் முன்னால் வந்து நிற்கும். எனவே பழைய தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது, பாட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆரத்தின் குறுக்கே போகும் கீறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தூசிப் பொரியல் கழுவினால் போகும். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றால் அது கீறல், கழுவிப் பயனில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் இரண்டு தட்டல்களுக்கு நடுவே 1.8 விநாடி. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செயலியில் கேட்பவர்களுக்கு வேறு தொல்லை. அன்வினின் பேச்சைத் தனியாகப் பிரிக்காமல் பாட்டுகளோடே ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் வசதி (ஷஃபிள்) ஓடிக்கொண்டிருந்தால், வேறு யாரோ பாடி முடித்ததும் ஒரு கிழவர் திடீரென்று உளறத் தொடங்குவார். இடைவெளியில்லா ஓட்டத்தை இயக்கி, இரண்டாம் பக்கத்தை வரிசையாக ஒரேயடியாகக் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கும் குறைவுதான்.

மோனோவா ஸ்டீரியோவா? ஐ.எம்.எல்.பி. 012 மோனோ, ஐ.எம்.எஸ்.பி. 012 ஸ்டீரியோ. 1968-இல் பிரிட்டனில் மோனோ ஆல்பங்கள் ஓயத் தொடங்கிவிட்டதால் மோனோ அரிது, விலையும் அதற்கேற்ப. ஒலியில் மோனோவுக்குக் குத்து அதிகம். டிரம்ஸும் பேஸும் நெஞ்சில் வந்து மோதும். முதல் பக்கத்துக்கு என் ஓட்டு மோனோவுக்கே. இரண்டாம் பக்கம் வேறு மாதிரி. கதை நகர்வதற்கும் சுழல் ஒலிக்கும் ஸ்டீரியோவின் அகலம் உதவுகிறது. 2012-இல் வந்த விரிவாக்கப் பதிப்பிலும் 2018-இல் வந்த 50-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இரண்டு கலவையும் உண்டு. சேகரிப்பு ஆசையில்லாமல் கேட்க மட்டும் வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்று போதும், மூலத்தட்டுக்குச் சொத்தை எழுதிவைக்க வேண்டாம்.

மூலத்தட்டுதான் வேண்டும் என்பவர்கள் தட்டைவிட உறையைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். வட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் மடிப்பு குறுகலானது, அட்டையின் முழு எடையும் அந்தச் சின்ன இணைப்பில்தான் தொங்குகிறது. நாலு முறை விரித்து மடித்தாலே வெள்ளைக் கோடு விழும், பிறகு கிழியும். பழைய பிரதிகளில் செலோடேப் ஒட்டிய மஞ்சள் கறை சாதாரணம். விளிம்பும் அப்படியே. சதுர உறைக்கு நான்கு மூலை மட்டும் நசுங்கும், இதற்குச் சுற்றளவு முழுவதும் மூலைதான். வாங்கியதும் 12 அங்குலத் தட்டுக்கான சதுரப் பிளாஸ்டிக் உறை ஒன்றில், பின்னால் கெட்டி அட்டை வைத்து, வட்ட உறையைப் போடுங்கள். தட்டைத் தனி உள்ளுறையில் வைத்து அதே பிளாஸ்டிக்குக்குள் செருகுங்கள். உருளாது, நிற்கும். பிற்காலத்தில் சாதாரணச் சதுர உறையிலும் பதிப்புகள் வந்தன. வசதிதான், ஆனால் சதுரத்துக்குள் வட்டத்தை அச்சடித்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

வெற்றியே வினையானது இந்த ஆல்பத்தில்தான். இவ்வளவு நுணுக்கமாக ஸ்டுடியோவில் கட்டியதை நால்வர் மேடையில் வாசிக்க வழியில்லை. இரண்டாம் பக்கத்தை அவர்கள் நிகழ்த்திக் காட்டியது பி.பி.சி.யின் 'கலர் மீ பாப்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மட்டும், அதிலும் வாத்தியங்களுக்கு ஒலிப்பதிவு, குரல் மட்டும் நேரடி. மேடையில் பழைய ஹிட்டும் பழைய கூச்சலும்தான். ஆளைக் கூட்டினால் ஒலியைக் கூட்டலாம் என்று கிடார் கலைஞர் பீட்டர் ஃப்ராம்ப்டனைச் சேர்க்கப் பார்த்தார் மேரியட், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1968 டிசம்பர் 31, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ். கச்சேரி நடுவில் மேரியட் வெளியேறினார். ஃப்ராம்ப்டனோடு ஹம்பிள் பை என்ற குழுவைத் தொடங்கினார், முதலில் அதே இமீடியட்டில். மிச்சம் மூவரோடு ராட் ஸ்டூவர்ட்டும் ரோனி வுட்டும் சேர்ந்தார்கள். புதியவர்கள் குள்ளமில்லை என்பதால் 'ஸ்மால்' போய் ஃபேஸஸ் ஆனது. இதிலும் ஒரு பள்ளம்: 1970-இல் அவர்களின் முதல் ஆல்பம் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' அமெரிக்காவில் ஸ்மால் ஃபேஸஸ் என்ற பெயரிலேயே வந்தது. மேரியட்டை எதிர்பார்த்து வாங்கினால் ராட் ஸ்டூவர்ட் பாடுவார்.

1970-இல் இமீடியட் திவாலானது. பதிவுகளின் உரிமை கை மாறி மாறி, கேட்டவருக்கெல்லாம் உரிமம் கொடுக்கப்பட்டது. கடை ரேக்கில் இந்தக் குழுவின் 'சிறந்த பாடல்கள்' எத்தனை என்று எண்ண முடியாததற்குக் காரணம் அதுதான். வாசித்தவர்களுக்கு ஒழுங்காக ராயல்டி வரத் தொடங்கவே முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது. அதற்குள் மேரியட் இல்லை. 1991-இல் எசெக்ஸில் வீட்டுத் தீயில் இறந்துபோனார். லேன் பல வருடம் நரம்புநோயில் வாடி 1997-இல் போனார்.

தொகுப்பு வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பின்னட்டையில் பதிவு ஆண்டும் மோனோ-ஸ்டீரியோ விவரமும் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். 'மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கப்பட்டது' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் ஓடுங்கள். மோனோவை வடிகட்டி, அடியொலியை ஒரு பக்கமும் உச்சியொலியை மறுபக்கமும் தள்ளிய ஏமாற்று அது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் பாட்டு உள்ளீடற்ற குழாய்க்குள் போனதுபோல் கேட்கும். மூன்றாவது, டெக்காவும் இமீடியட்டும் இரண்டும் கலந்த தொகுப்பா, ஒன்று மட்டுமா என்பது. 'ஆல் ஆர் நத்திங்' ஒரு பக்கம், 'டின் சோல்ஜர்' மறுபக்கம். அவசரத் தொகுப்புகளில் இரண்டில் ஒன்று இருக்காது, அல்லது பின்னாளைய மேடைப் பதிவைச் செருகியிருப்பார்கள். ஆழமாகப் போக விரும்புபவருக்கு இமீடியட் காலத்துக்கு 2014-இல் வந்த 'ஹியர் கம் தி நைஸ்' பெட்டி, டெக்கா காலத்துக்கு 2015-இல் வந்த 'தி டெக்கா இயர்ஸ்' பெட்டி. பி.பி.சி. பதிவுகள் உள்ள இரண்டாவதைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

1975-76-இல் 'இச்சிகூ பார்க்' மறுவெளியீடு மறுபடி முதல் பத்துக்குள் வந்தது. அந்த ஆசையில் மறுபடி கூடினார்கள். லேன் ஒத்திகையோடு விலக, ரிக் வில்ஸ் வந்தார். 'பிளேமேட்ஸ்' 1977, '78 இன் தி ஷேட்' 1978. இரண்டையும் தொட வேண்டாம். சும்மா கொடுத்தாலும் அலமாரியில் இடம் வீண்.

கடைசியாக ஒன்றுதான் மிச்சம், 'தி ஆட்டம் ஸ்டோன்'. 1969-இல் குழு உடைந்த பிறகு இமீடியட் கையிலிருந்ததையெல்லாம் திரட்டிப் போட்ட இரட்டைத் தட்டு. குப்பை என்று நினைக்கத் தோன்றும், அப்படியில்லை. 1968 நவம்பரில் நியூகாஸில் சிட்டி ஹாலில் எடுத்த மேடைப் பதிவுகள் இதில் உண்டு. ஒலி கரடுமுரடுதான். ஆனால் கூச்சலைத் தாண்டி இந்த நால்வர் எவ்வளவு முரட்டுத்தனமாக வாசித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'தி யுனிவர்சல்' பாட்டும் இதில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதாரண கேசட் கருவியில் மேரியட் பதிவுசெய்ததன் மேலேயே மற்ற வாத்தியங்களை ஏற்றியிருக்கிறார்கள். நிறைய நம்பியிருந்தார், 16-ஆம் இடத்தோடு நின்றது, மனம் உடைந்துபோனார். பாட்டுக்குப் பின்னால் நாய் குரைக்கும். நல்ல பிரதி என்றால் அந்த நாய் தோட்டத்தின் எந்தக் கோடியில் நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம். மோசமான பிரதியில் டேப் இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும்.